இட்லிச் சட்டியில் ரை ரொட்டி

பாலோ தோட்டத்தில் செம்பனைக் குலைகளை லாரியில் ஏற்றிவிட்டு மதியம் வீடு வந்த மதிவாணனுக்குப் பசி தாங்கவில்லை. சர்க்கரை நோய்க்காரன். சிங்கப்பூர் ரொட்டிக்கடையில் வேலை செய்யும் மனைவி ரூபினி, சோற்றுக்குப் பதிலாக, ரை தானியத்தைத் தவிட்டோடு அரைத்துச் சுட்ட கருப்பு ரொட்டியைப் போன மாதம் கொண்டுவந்தாள். "மாட்டுத் தீனி" என்று தட்டைத் தள்ளினான். அவள் சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டாள்.

இன்று, ஐஸ்பெட்டியில் கல்லாகக் கிடந்த அதை இட்லிச் சட்டியில் அவித்து, நெத்திலிச் சம்பலோடு தின்றான். அவள் சட்டையில் அடிக்கும் அதே புளிப்பு வாசனை வீட்டை நிறைத்தது. மாலைவரை பசிக்கவில்லை. போன் செய்தான்.

"ரொட்டி தீந்துருச்சு."

"எந்த மாட்டுக்குப் போட்டீங்க?"

"நாந்தான் லா தின்னேன். இட்லிச் சட்டியில அவிச்சு."

"அலமாக், ரொட்டிய யாருங்க அவிப்பா?" அவள் சிரித்தாள்.

"எப்ப வர்ற?"

"லீவு குடுக்கல."

சரி என்று வைத்துவிட்டான். அவளிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.