அம்மா சுரங்கத்துக்குள் இறங்கிய ஞாயிறு

தம்பி ஆஹிம் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைக்குச் சேரலாமா கூடாதா என்பதை அம்மா ஞாயிற்றுக்கிழமை சொல்வதாக இருந்தாள். அவனுக்குப் பத்தொன்பது வயது. சட்டப்படி யாரையும் கேட்கத் தேவையில்லை. ஆனால் அம்மா வேண்டாம் என்ற எதுவும் எங்கள் வீட்டில் இதுவரை நடந்ததில்லை.

"நீங்க சொல்றத வெச்சு நான் முடிவு பண்ண மாட்டேன். கீழ என்னதான் இருக்குன்னு என் கண்ணால பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள்.

அப்பா இருபத்தைந்து வருடம் பூமிக்கடியில் வேலை பார்த்தவர். அம்மா ஒருநாளும் இறங்கியதில்லை. வேலை நடக்கும் சுரங்கத்துக்குள் வேடிக்கை பார்க்க விடமாட்டார்கள். அதனால் பக்கத்து ஊரில் மக்களுக்குக் காட்டுவதற்கென்றே வைத்திருக்கும் பழைய சுரங்கத்துக்கு நால்வரும் போனோம்.

வரிசையாகவே எழுதப் பார்க்கிறேன். முக்கியமானதை விட்டுவிட்டு அதைச் சுற்றியிருப்பதை எழுதுகிறேன் என்று நான் போகும் மாலைநேர எழுத்து வகுப்பில் சொல்கிறார்கள். இருக்கலாம்.

முதலில் ஹெல்மெட். அம்மாவின் ஞாயிற்றுக்கிழமைக் கொண்டை அதற்குள் அடங்கவில்லை. அவிழ்த்துவிட்டாள். பிறகு ஆட்களைக் கீழே இறக்கும் கூண்டு. அது கடகடவென்று இறங்கத் தொடங்கியதுமே ஆஹிம் உற்சாகத்தில் சீட்டியடித்தான். அப்பா அவன் பிடரியில் ஒன்று வைத்தார்.

"இங்கயாடா? கீழ இருக்கற கிழவன் காதுல விழுந்தா?"

கிழவன் என்றால் சுரங்கத்தைக் காக்கும் ஆவி. சீட்டிச் சத்தம் அவனுக்கு ஆகாது. அழைத்துப்போன பெர்னார்டும் முன்னாள் தொழிலாளிதான். அவர்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இன்னும் தரையில கால் வைக்கல, அதுக்குள்ள" என்றாள் அம்மா. ஆஹிம் தலையைக் குனிந்துகொண்டான்.

கீழே நான் நினைத்ததுபோல எதுவும் இல்லை. குகை மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். தேவாலயக் கூரைபோல வளைந்த செங்கல் பாதை, விளக்கு வெளிச்சம் எட்டாத தூரம்வரை போனது. ஒவ்வொரு செங்கல்லும் இதே கூண்டில் இறங்கி வந்தது என்றார் பெர்னார்ட். அம்மா சுவரைத் தடவிப் பார்த்தாள்.

"நம்ம சமையலறைச் சுவரு இதுல பாதி நேரா இருந்தாப் போதும், ஏர்வின்" என்றாள் அப்பாவிடம்.

அது அப்பா கட்டிய சுவர். அப்பா சிரித்தார். அடுத்த வளைவில் கூரையைத் தாங்கி நின்ற பைன் மரத்தூண்கள் வந்தபோது அவராகவே பேசினார்.

"இரும்பு சொல்லாமக் கொள்ளாம வளைஞ்சிரும். மரம் அப்படியில்ல, முனகும். ஓடிருன்னு சொல்லும்."

வீட்டில் அவர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அம்மா ஒரு தூணில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள்.

கடைசியில் தாழ்வான கரி அடுக்கு. அந்தக் காலத்தில் ஒருக்களித்துப் படுத்தபடி வெட்டிய இடம். விரும்பியவர்கள் தவழ்ந்து போகலாம். மற்றவர்களுக்குப் பக்கத்தில் பாதை உண்டு.

"நீ அந்தப் பக்கமா வா" என்றார் அப்பா.

"எதுக்கு? நீ படுத்துக் கெடந்த மாதிரி எடந்தானே?"

அப்பா முன்னால், பிறகு அம்மா, ஆஹிம், நான். பாதி தூரத்தில் அம்மா நின்றுவிட்டாள். ஆஹிமின் பூட்ஸ் தவிர எனக்கு எதுவும் தெரியவில்லை. அம்மா மூச்சுக்குத் திணறுவது மட்டும் கேட்டது.

"என்னால முடியலடா."

அப்பாவால் திரும்ப முடியாது. ஆஹிம் நிதானமாகச் சொன்னான்: "அவசரமே இல்லம்மா. நீ வந்தாத்தான் எங்களுக்குச் சோறு. விட்டுட்டு எங்க போவோம்?"

"சிரிப்பு மூட்டாத, கல்லு இடிக்குது."

"சரி. மூச்ச இழுக்காத, விடு. இன்னும் விடு. உன் பெல்ட்டு மேல மாட்டியிருக்கு, நான் எடுத்துவிடறேன். உன் காலப் புடிச்சிருக்கேன், தெரியுதா? நீயா நகர்ற வரைக்கும் விடமாட்டேன்."

எனக்குப் பின்னால் தவழ்ந்து வந்த மற்ற பார்வையாளர்கள் முணுமுணுத்தார்கள். "முன்னாடி என்னாச்சு?"

"ஒண்ணுமில்லீங்க, கூரையப் பாத்துட்டு இருக்கோம்" என்றான் ஆஹிம்.

அம்மா நகர்ந்தாள். வெளியே வந்து நிமிர்ந்தபோது முகமெல்லாம் கரி. எங்களைத் திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தாள். "போச்சு, முடிஞ்சுது" என்றான் ஆஹிம் என் காதில். அம்மா வேண்டாம் என்பாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

மேலே வந்ததும் தொழிலாளர் குளிக்கும் கூடம். கூரையிலிருந்து சங்கிலிகளில் பழைய உடுப்புகள் கொத்துக்கொத்தாகத் தொங்கின. பெர்னார்ட் குழாய்களைக் காட்டினார்.

"முதுகுல அப்பின கரிக்குத் தன் கை எட்டாது. பக்கத்துல நிக்கறவன் தேய்ப்பான். அப்புறம் நீ அவனுக்கு. மேஸ்திரியா இருந்தாலும் அதேதான்."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். "இருபத்தஞ்சு வருசமா யார்யாரோ உன் முதுகத் தேச்சிருக்காங்க. எங்கிட்டச் சொல்லவே இல்ல?"

"நீ கேக்கவே இல்லையே."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்காமல் பெர்னார்டிடம் கேட்டாள்.

"ஐயா, புதுசா வர்ற பையனுக்கு அங்க யாரையும் தெரியாதே. முதல் நாள் அவன் முதுக யாரு தேய்ப்பா?"

"பக்கத்துக் குழாய்ல யாரு நிக்கறாங்களோ அவங்கதான்மா."

"இவன் கேக்கணுமா, அவங்களா வருவாங்களா?"

"கேக்க வேண்டியதில்ல. திரும்பி நின்னாப் போதும்."

அம்மா ஆஹிம் பக்கம் திரும்பினாள்.

"கேட்டுக்கிட்டியா? மொத நாள் வேலைக்குப் போயி வெக்கப்பட்டுக்கிட்டு நிக்காத. திரும்பி நில்லு."