நாலு கதவுக்கும் ஒரே வெட்டு

கார்க் கதவுக்குள் சத்தத்தை அடக்கும், பசை தடவிய கறுப்பு ரப்பர் தகட்டை ஒட்டுவது கணவன் வேலை. கதவின் உள்பக்க அட்டையைத் திரும்ப மாட்டுவது மனைவி வேலை. முடிந்ததும் ஒரு சோதனை. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அவன் வெளியே நின்று வாய்க்கு வந்ததைச் சொல்லுவான்.

"கேட்டுச்சா?"

"வாய் அசைஞ்சுது. என்ன சொன்னீங்க?"

"மகாராணின்னு சொன்னேன்."

"உங்க மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியலையே."

அன்று அவள் பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திய அதே நேரம் கார்க்காரர் வந்துவிட்டார். கணவன் அவரை எதிர்கொண்டு போனான்.

"வாங்க சார். இனிமே உள்ள ஆள் கத்தினாக்கூட வெளிய கேக்காது."

"பாட்டு?"

"தகரம் அதிராது சார், உங்க நெஞ்சுதான் அதிரும்."

சிரித்துக்கொண்டே இருவரும் காரிலிருந்து கழற்றி வைத்திருந்த பழைய ஸ்பீக்கர் பெட்டியின் பக்கம் திரும்பினார்கள்.

அவள் இறங்கப் பார்த்தாள். கைப்பிடி பாதி வந்து நின்றது. அந்தப் பக்கக் கதவும் அப்படியே. சீட்டைத் தாண்டி முன்னால் போனாள். அங்கேயும் அதே கதை.

அப்போதுதான் புரிந்தது. வேலை சுருக்க முடியட்டும் என்று கணவன் நாலு தகட்டையும் அடுக்கிவைத்து ஒரே வெட்டாக வெட்டியிருந்தான். உள்பக்கக் கைப்பிடியையும் பூட்டையும் இணைக்கும் கம்பிக்கு வழிவிடவில்லை. வெயிலில் இளகிய பசை கம்பியைக் கவ்விக்கொண்டிருந்தது.

"ஏங்க!"

கண்ணாடியைத் தட்டினாள். பக்கத்துப் பட்டறையில் இரும்பு அறுத்துக்கொண்டிருந்தார்கள். பேட்டரி வயரைக் கழற்றி வைத்திருந்ததால் ஹாரனும் இல்லை, கண்ணாடியும் இறங்கவில்லை. பசையின் நெடி தொண்டையை அடைத்தது. கணவனின் முதுகு தெரிந்தது. அவன் இன்னும் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தான்.

சீட் பெல்ட்டின் இரும்பு நாக்கை அட்டையின் இடுக்கில் செருகி நெம்பினாள். தான் மாட்டிய கிளிப்புகள் படபடவென்று தெறித்தன. நகம் பிய்யத் தகட்டைக் கிழித்துக் கம்பியைப் பிடித்து இழுத்தாள்.

கதவு திறந்தது. விழுந்தடித்து வெளியே வந்து, தரையிலேயே உட்கார்ந்து இருமினாள்.

கணவன் ஓடிவந்தான். "ஐயோ, அட்டையை ஏன் பிச்ச?"

"உள்ளேருந்து ஒரு கதவும் திறக்கல. நாலையும் பிரிக்கணும்."

கணவன் அவள் பக்கம் குனிந்தான். "மெல்லப் பேசு. இத மட்டும் மாட்டிக் குடுத்துருவோம். அவரு ஊருக்குப் போறாரு. வந்தப்புறம் பாத்துக்கலாம்."

அவள் கார்க்காரரைப் பார்த்தாள். "பின்சீட்டுல யாரு சார் உக்காருவாங்க?"

"என் பொண்ணு. ரெண்டாங்கிளாஸ். ஏறினதுமே தூங்கிருவா."

அவள் எழுந்து, காரில் தொங்கிய சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டு, இன்னொரு பக்கக் கதவைத் திறந்தாள். "நீங்க உள்ள உக்காருங்க."

"யாரு, நானா? எதுக்குடி?"

"சோதனைதானே. உக்காருங்க."

கார்க்காரர் எதிரில் அவனால் மறுக்க முடியவில்லை. ஏறினான். அவள் கதவைச் சாத்தினாள். உள்ளே கைப்பிடி ஒருமுறை அசைந்தது. பிறகு நிற்காமல் அசைந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அவன் வாய் திறந்து மூடியது. கார்க்காரர் ஓரடி முன்னால் வந்தார். அவருடைய சிரிப்பைக் காணவில்லை.

அவள் கண்ணாடியோடு முகத்தை ஒட்டி ஏதோ சொன்னாள். பிறகு வெளிக் கைப்பிடியை இழுத்தாள்.

அவன் வியர்த்துப்போய் இறங்கினான். "என்ன... என்ன சொன்ன?"

"மகாராஜான்னு."

அவன் யாரையும் பார்க்கவில்லை. திருப்புளியை எடுத்துக்கொண்டு முதல் கதவின் அருகே குந்தினான். நாலு கதவையும் பிரித்து முடிக்கும்வரை, அவள் காரின் சாவியை இடுப்பிலேயே வைத்திருந்தாள்.