படுத்த முதல் ஒரு மணி நேரம்

என் வீட்டுக்காரர் சங்கையா நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் மருந்து கலக்குகிறவர். அலுமினியப் பொடி சலிக்கும்போது மூக்கில் ஏறக் கூடாதென்று மூச்சை அடக்கிப் பழகி, ஒரு நிமிஷம் வரைக்கும்கூட மூச்சு விடாமல் நிற்பார். அதில் பெருமை வேறு. அந்த மனுஷனுக்குத் தூக்கத்தில் மூச்சு நிற்கிற வியாதி வந்தால் சிரிப்பதா, அழுவதா?

நாலு வருஷம் அவரை உலுக்கி உலுக்கி எழுப்பியே என் தூக்கம் போயிற்று. 2009 தீபாவளி சீசன் முடிந்ததும் விருதுநகரில் டாக்டர் ஜாஸ்பின் ஒரு மெஷின் எழுதிக் கொடுத்தார். முகத்தில் மாஸ்க், குழாய் வழியாகக் காற்று.

"இனிமே உலுக்கக் கூடாது. மெஷின் பாத்துக்கும்" என்று எனக்குக் கண்டிப்பு.

குறட்டை ஒழிந்தது. ஆனால் படுத்த கொஞ்ச நேரத்தில் அவர் மூச்சு நிற்பது என் காதுக்குத் தெரிந்தது. உலுக்கத் துடித்த கையை மடக்கிக்கொண்டு கிடந்தேன்.

ஒரு மாதம் கழித்து, மெஷின் ராத்திரிதோறும் அவர் மூச்சைப் பதிந்து வைத்த கார்டை டாக்டர் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார்.

"தொண்டை அடைச்சு மூச்சு நிக்கிறது போயிடுச்சு. இது வேற. வழி திறந்துதான் இருக்கு, ஆனா மூச்சு இழுக்கலை. மூளை இழுக்கச் சொல்லலைன்னா இப்படி வரும்."

மூளையே மறந்துவிட்டால் யார் ஞாபகப்படுத்துவது? இவர் இல்லாமல் எனக்கு என்ன இருக்கிறது? இருக்கன்குடி மாரியம்மனுக்கு உட்கார்ந்த இடத்திலேயே நேர்ந்துகொண்டேன்.

"இருங்கம்மா, எல்லாமே படுத்த முதல் ஒரு மணி நேரத்துல இருக்கு. அப்புறம் விடியிற வரை சுத்தம்" என்ற டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். "ஐயா, முழிச்சிருந்து மூச்சை அடக்கினாலும் மெஷின் இப்படித்தான் எழுதும். தூங்குறீங்களா இல்லையான்னு அதுக்குத் தெரியாது."

இவர் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். திருட்டு முழி.

"மூச்சை அடக்குனீகளா?" என்றேன்.

"மாஸ்க்குக்குள்ள என் மூச்சே புஸ்ஸு புஸ்ஸுன்னு காதை அடைக்கி. அடக்குனாத்தான் நீ தூங்கிட்டியான்னு கேக்கும். என்னால நாலு வருஷமா நீ தூங்கலையே, செல்வி."

"உங்க மூச்சைக் காணுமேன்னு நானும் மூச்சு விடாமல்லா கேட்டுக்கிட்டுக் கிடந்தேன்!"

"அதான், உன் மூச்சையும் காணுமேன்னு இன்னுங் கொஞ்சம் அடக்குனேன்."

டாக்டர் சிரித்துவிட்டார். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. இப்படி ஒரு கிறுக்கனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அன்று படுத்ததும் அவர் கையை இழுத்து என் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டேன். மூச்சு ஏறி இறங்குவதைக் கையே பார்த்துக்கொள்ளட்டும்.

அடுத்த மாதக் கார்டில் மூச்சு நின்ற பதிவே இல்லை. அவர் எத்தனை மணிக்குத் தூங்கினார் என்று டாக்டர் என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நான் முன்னாலேயே தூங்கிவிட்டேன்.