கிணற்றில் விட்ட விலாங்கு

ஐந்து விலாங்குகளில் நான்கு போய்விட்டன. மூன்று குழம்பாயின, இன்னொன்று எங்கே போனது என்று கடவுளுக்கே வெளிச்சம். மிச்சமிருந்த ஒன்றின் வயிற்றில் வைத்த சின்னக் கருவியின் ‘டிக், டிக்’ சத்தத்தை ரேடியோப் பெட்டியில் தேடி, ஒன்பது நாளாகச் செய்யாற்றங்கரையில் பேய் பிடித்தவள் போல அலைந்துகொண்டிருந்தாள் தேவயானி. மூன்று வருட ஆராய்ச்சி அந்தச் சத்தத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

விலாங்கு ஒரு விசித்திரப் பிறவி. கடலில் பிறக்கும், நூல் மாதிரிக் குஞ்சாக ஆறேறி வரும், ஏரியிலும் மடுவிலும் வருடக்கணக்கில் தின்று கொழுக்கும். பிறகு ஒரு மழைக்காலத்தில் தீனியை மறந்து, முட்டையிடக் கடலுக்கே திரும்பும். வழியிலிருக்கும் அணைக்கட்டை அது தாண்டுகிறதா என்பதுதான் அவள் ஆராய்ச்சி. அதற்கு வெள்ளம் வேண்டும். இந்த மார்கழியில் வெள்ளமோ மளமளவென்று வடிந்துகொண்டிருந்தது.

பத்தாம் நாள் காலை சத்தம் கேட்டது. ஆற்றில் அல்ல, அரை மைல் தள்ளி நெல்வயலுக்கு நடுவே. ஓடிப்போய்ப் பார்த்தால் கிணறு.

“உன்னுதுதாம்மா!” என்றார் நிலத்துக்காரர் வேதாசலம், பெருமை தாங்காமல். “வாய்க்கால்ல மாட்டுச்சி. வயித்துல கம்பி தொங்கிக்கினு இருந்துச்சி. நீதானே ஊர்க்கூட்டத்துல சொன்ன, அறுக்காதீங்க, உசுரோட வெச்சி சொல்லி அனுப்புங்கன்னு? போனு சேத்துல வுயுந்து பேஜாராப் பூட்ச்சி. அதான் சொல்ல முடியல.”

தேவயானிக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. கிணற்றில் மீன் விட்டால் தண்ணீர் சுத்தமாக இருக்கும் என்று நம்புகிற ஊரில், உயிரோடு வை என்றால் வேறு எங்கே வைப்பார்கள்? இதை யோசிக்காதது அவள் மடத்தனம். மனுஷனைத் திட்டக்கூட வழியில்லை.

மோட்டார் போட்டு இறைத்தார்கள். இறைக்க இறைக்க ஊற்று சுரந்தது. மூன்று மணிக்குத் தண்ணீர் இடுப்பளவுக்கு வந்ததும், வேதாசலம் சாம்பல் தடவிய சாக்கோடு இறங்கிக் கல் இடுக்கில் துழாவினார். விலாங்கு மாதிரி நழுவுகிறான் என்று சும்மாவா சொல்கிறார்கள்! நாலு முறை நழுவி, ஐந்தாவது முறை சாக்கில் விழுந்தது.

பக்கெட்டோடு ஆற்றுக்கு ஓடினார்கள். ஆற்றில் ஓட்டம் நின்றிருந்தது. அணைக்கட்டுக்குக் கீழே மணலும் குட்டைகளும்தான். தேவயானி தன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியருக்குப் போன் செய்தாள்.

“அங்கேயே விடு. எங்க மாட்டிக்குதுன்னு பார்த்து எழுது.”

“செத்துடும் சார்.”

“அதுவும் ஒரு முடிவுதானே தேவயானி? தூக்கிட்டுப் போய்க் கடல்ல விட்டா, உனக்கு எழுத ஒண்ணுமே இருக்காது.”

அவர் சொன்னது சரிதான். காஞ்சிபுரத்தில் அப்பா தறிக்குழியில் கால் மரத்துப்போக உட்கார்ந்து படிக்கவைத்த படிப்பு. பக்கெட்டுக்குள் விலாங்கு வழி தேடிச் சுற்றிச் சுற்றி வந்தது. அவளால் அதைப் பார்க்க முடியவில்லை.

“கடலு எவ்ளோ தொலவு கீது?” என்று கேட்டார் வேதாசலம்.

“அறுபது கிலோமீட்டர் இருக்கும், ஐயா.”

அவர் வண்டியை உதைத்தார். “கெட்டியா புட்ச்சிக்கினு குந்து.”

செய்யாறு போய்க் கலக்கும் பாலாறு கடலில் சேரும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நல்லவேளை, முகத்துவாரம் மணல் மூடாமல் திறந்திருந்தது. முழங்கால் தண்ணீரில் நின்று பக்கெட்டைச் சாய்த்தாள். விலாங்கு கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தது. ஓர் அலை வந்ததும், உடம்பை ஒரு நெளி நெளித்துப் போய்விட்டது. அவள் கையிலிருந்த ரேடியோப் பெட்டி ஏழெட்டு முறை ‘டிக்’ என்று அடித்து ஓய்ந்தது.

“செத்துப் பூட்ச்சாம்மா?” வேதாசலம் பதறினார்.

“இல்ல ஐயா. உப்புத் தண்ணில சிக்னல் வராது. கடலுக்குள்ள போயிடுச்சி.”

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. மூன்று வருடத்தில் முதல் முறையாக ஒரு விலாங்கு கடல் சேர்ந்ததைக் கண்ணால் பார்த்திருந்தாள். அதை மட்டும் அவளால் எங்கும் எழுத முடியாது.