முத்திரை உடையாத பெட்டி

கம்பாலாவிலிருந்து குலுவுக்குப் பேருந்தில் ஏழு மணி நேரம். மதர்போர்டு பெட்டியை மடியை விட்டு இறக்காமல் வந்ததில் லம்வாகாவுக்கு இடுப்பு கழன்றுவிடும்போல் வலித்தது. ஞாயிறு மதியம் இறங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே, தான் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் காசநோய் மருத்துவமனைக்குப் போய் சர்வரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தாள்.

மின்சாரம் எகிறி பழைய போர்டு கருகி நாலு நாள். நோயாளிகளின் பதிவு முழுவதும் அந்த லினக்ஸ் சர்வரில்தான். ஹார்ட் டிஸ்க் தப்பித்தது. பதிவு மேசை, ஆய்வகம், மருந்து ஜன்னல் மூன்றும் அதைப் பார்த்துத்தான் வேலை செய்யும். திங்கள் காலை எட்டு மணிக்கு முந்நூறு பேர் வருவார்கள், பாதிப் பேர் இருட்டிலேயே நடந்து. போன முறை சர்வர் படுத்தபோது யாருக்கு எந்த மாத்திரை என்று தெரியாமல் திருப்பி அனுப்பினார்கள். அப்புறம் வராமலே போனவர்களில் ஒருத்தி லம்வாகாவின் தெருக்காரி. அவள் குழிக்கு மண் தள்ளியவர்களில் லம்வாகாவும் உண்டு.

புது போர்டு ஓடியது. ஓரமெல்லாம் சிவப்பும் பச்சையுமாக விளக்கு. லினக்ஸ் எழுந்தது. நெட்வொர்க் போர்ட் மட்டும் அதன் கண்ணில் படவில்லை. அந்தப் போர்டின் சிப்செட் சந்தைக்கு வந்து மூன்று மாதம். சர்வரிலிருந்த கர்னலுக்கு, அதாவது லினக்ஸின் உட்கருவுக்கு, நாலு வயது; அதற்குப் பின் வந்தது எதுவும் அதற்குத் தெரியாது.

போர்டு வாங்கும்போது எப்போதும் அவள் கம்பாலாக் கடையிலேயே தன் பென்டிரைவைச் சொருகி, லினக்ஸை ஓட்டி, போர்ட் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் காசை எடுப்பாள். அலுவலகங்கள் கழித்துப் போட்ட பழைய போர்டுகளைத்தான் பொறுக்குவாள். அவற்றின் சிப்செட்டை லினக்ஸ் கரைத்துக் குடித்திருக்கும். இந்த முறை பணம் தந்த நிறுவனத்தின் படிவத்தில் 'புதியது, முத்திரை உடையாதது' என்று அடித்திருந்தார்கள். முத்திரையை உடைத்தால் விற்றதாகக் கணக்கு என்றான் கடைக்காரன். லினக்ஸ் எதிலும் ஓடும் என்று தாய்மேல் சத்தியமும் செய்தான். வாங்கிவிட்டாள்.

ஃபோன் வழியாகப் புது கர்னலை இறக்கினாள். போர்ட் கண் திறந்தது. கால் மணி நேரத்தில் இணைப்பு அறுந்தது. மறுபடி வந்தது, மறுபடி அறுந்தது. ஒருவனுக்கு மருந்து எழுதும்போது பாதியில் அறுந்தால் இருமுறை கொடுப்பார்கள், இல்லை கொடுக்கவே மாட்டார்கள். பழைய கர்னலுக்கே திரும்பினாள். பழைய நெட்வொர்க் கார்டு ஒன்றைத் தனியாகச் சொருகினால் பிழைக்கலாம். கடைத்தெருவில் ஞாயிற்றுக்கிழமை ஒரு கதவும் திறந்திருக்கவில்லை, பேருந்து நிலையத்துப் பக்கம் ஒக்கிடியின் இணைய நிலையம் தவிர.

நடந்ததை அவள் சொல்லி முடிப்பதற்குள் ஒக்கிடி சிரித்துவிட்டான்.

"கல்யாண வீடு மாதிரி லைட்டு எரியுது, கூப்பிட்டா மட்டும் காது கேக்கலியா தங்கச்சி?"

"உன் சர்வர்ல இருக்கே பழைய நெட்வொர்க் கார்டு, அது வேணும்ண்ணே. எந்தக் கர்னலுக்கும் அது தெரியும்."

சிரிப்பு நின்றது. "அத உருவினா என் எட்டு மிஷினும் பொணம். இந்த வாரம் காலேஜு விண்ணப்பம். வருசத்துக்கு எனக்கு இதான் அறுவடை."

"நாளைக்கு முந்நூறு பேருண்ணே."

உள்ளே விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்த ஆறு பேரையும் சேமித்துவிட்டு எழுந்திருக்கச் சொன்னான் ஒக்கிடி. முணுமுணுத்தார்கள். ஸ்க்ரூடிரைவரை எடுத்தவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"சொருகிப் பாக்காம வாங்கினியே, உன்னய ஒதைக்கணும். எப்பத் தருவ?"

அவள் குனிந்து அவன் சர்வரின் மூடியைப் பிடித்துக்கொண்டாள்.

மருத்துவமனை சர்வரில் கார்டு ஏறியதும் மூன்று இடங்களும் பதில் சொல்லின. இரண்டு மணி நேரம் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இணைப்பு அறுந்துபோகவில்லை. திங்கள் எட்டு மணிக்கு மருந்து ஜன்னல் திறந்தது. பேருந்து நிலையத்தில் ஒக்கிடியின் கதவு திறக்கவில்லை.

பழைய கார்டு வாங்க பணம் தந்த நிறுவனத்தின் படிவத்தில் இடம் கிடையாது. லம்வாகா ஒக்கிடிக்குத் தர வேண்டியது நெட்வொர்க் கார்டு ஒன்று, பழையது, லினக்ஸுக்குத் தெரிந்தது.