படத்தில் விழாத கை

விடிகாலை நான்கரைக்கே தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் ரோலர்கள் ஓடத் தொடங்கிவிடும். மேல்மாடியில் வாடிக் கிடந்த கொழுந்து குழாய் வழியே இறங்கும். கனத்த உருளைப் பெட்டி பித்தளைத் தட்டின்மேல் வட்டமடித்து அதைக் கசக்கும். கசங்கிய கொழுந்தை அம்மாக்கண்ணு கூடையில் அள்ளிச் சல்லடைக்குச் சுமப்பாள். பச்சைச் சாறு கூடையிலிருந்து கசிந்து முதுகில் இறங்கும். ஒவ்வொரு நடைக்கும் ஸ்டோரை மேற்பார்க்கும் டீமேக்கரின் அறையைக் கடக்க வேண்டும். அந்த அறைச் சுவரில் ஒரு படம் தொங்கியது. அதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

கறுப்பு வெள்ளைப் படம். கம்பனிக்கு அனுப்புவதற்காக ஹட்டனிலிருந்து ஆளை வரவழைத்து எடுத்தது. மூன்றாம் ரோலரின் திருகாணிகளைக்கூட அதில் எண்ணிவிடலாம். பக்கத்தில் நின்ற ஆறு பேரின் சட்டைக் கிழிசல்களும் தெரிந்தன. அவள் புருஷன் கந்தப்பனின் முகமும் தெளிவாக இருந்தது. அவனுடைய வலது கை மட்டும் மணிக்கட்டோடு முடிந்துபோயிருந்தது.

படம் எடுத்த ஒன்பதாம் நாள், மூன்றாம் ரோலரின் பெல்ட் அதே கையைப் பறித்துக்கொண்டது.

கேமராப் பெட்டி கையைத் தின்றுவிட்டது என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பேசிக்கொண்டார்கள். படத்தில் நின்ற மற்ற ஐந்து பேரும் தங்கள் உருவம் முழுதாக இருக்கிறதா என்று ஒருவர் பின் ஒருவராக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். காளியாயியின் மகனுக்கு இடது காது நிழலில் மறைந்திருந்தது. அவள் மூன்று நாள் அவனை வேலைக்கே அனுப்பவில்லை.

தோட்டத்தை நடத்தும் துரை இந்தப் பேச்சைத் தடுக்கவில்லை. அவருடைய தீர்ப்பு எப்போதோ முடிந்திருந்தது. பெல்ட்டில் குறை இல்லை, கந்தப்பன் விளையாட்டாகக் கையை நீட்டினான், இனி அவனுக்கு வேலை இல்லை, மாதம் முடிவதற்குள் லயத்தில் குடியிருக்கும் காம்பராவைக் காலி செய்ய வேண்டும். கந்தப்பன் இன்னும் ஆஸ்பத்திரியில்தான் கிடந்தான்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாக்கண்ணு, தொழிற்சங்கத் தலைவர் வீரய்யாவைக் கூட்டிக்கொண்டு ஹட்டனுக்கு பஸ் ஏறினாள். படம் எடுத்த மஃறூபின் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தவள் உட்காரவில்லை.

"எம் புருஷன் கைய என்னா செஞ்சீங்க நானா?"

மஃறூப் சிரிக்கவில்லை. மேசையில் கிடந்த படங்களை ஒதுக்கி, ஸ்டோரில் எடுத்த படத்தின் இன்னொரு பிரதியை வைத்தார். வீரய்யாவின் கண் ஒதுக்கிய படங்களிலேயே நின்றுவிட்டது. ரயில் எஞ்சினுக்குக் கரி அள்ளுபவன். அவன் நெற்றி வியர்வையில் அடுப்பின் வெளிச்சம். தேயிலைப் பெட்டிக்கு ஆணி அடிப்பவன்; அவன் நகக்கண்ணில் அழுக்கு. இயந்திரத்தைப் பெரிதாகக் காட்டத்தான் கம்பனிகள் மஃறூபைக் கூப்பிட்டன. அவரும் அதைச் சின்னதாக்கவில்லை. ஆனால் பக்கத்தில் நிற்பவனின் முகத்துக்கு ஜன்னல் வெளிச்சம் வரும்வரை காத்திருப்பார். எண்ணெய்த் தரையைத் துடைக்க விடமாட்டார். அந்தப் பளபளப்பு கீழிருந்து வெளிச்சம் கொடுக்கும்.

"ஸ்டோருக்குள்ள இருட்டு தங்கச்சி. அதனால பெட்டியோட கண்ண நாலு எண்ணுற வரைக்கும் தொறந்து வைக்கிறேன். அவ்வளவு நேரமும் அசையாம நிக்கிறது பதியும். அசையிறது எந்த எடத்துலயும் தங்காது, கரஞ்சிடும். பெல்ட்டப் பாருங்க."

பெல்ட் இருந்த இடத்தில் வெறும் மூடுபனி. மஃறூப் பூதக்கண்ணாடியை அவளிடம் கொடுத்தார். கந்தப்பனின் மணிக்கட்டுக்கு அப்பால் மெல்லிய புகை ஒன்று பெல்ட்டை நோக்கி வளைந்திருந்தது. அதுதான் கை.

"எல்லாரையும் அசையாம நிக்கச் சொன்னேன். இவர் மட்டும் ஏன் நிக்கல்ல?"

அவளுக்குத் தெரியும். பெல்ட்டின் தோல் தேய்ந்து ஆறு மாதமாகிறது. அது வழுக்கினால் ரோலர் தடுமாறும். வழுக்காமலிருக்க, ஓடுகிற பெல்ட்டிலேயே குங்கிலியக் கட்டியைக் கையால் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டும். படத்தில் மெஷின் ஓடவேண்டும் என்று அன்று டீமேக்கர் சொல்லியிருந்தார். அதனால் கந்தப்பன் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

அவள் சொல்லி முடித்ததும் மஃறூப் இருட்டறைக்குள் போனார். படத்தைப் பெரிதாக்கி, காயவைத்து, பின்பக்கம் எடுத்த தேதியோடு முத்திரை குத்தினார். இதைக் கொடுத்தால் தோட்டத்துக்காரர்கள் இனி உங்களைக் கூப்பிட மாட்டார்களே என்றார் வீரய்யா.

"கூப்பிட மாட்டாங்க," என்றார் மஃறூப், படத்தை உறையில் போட்டுக்கொண்டே.

திங்கள் விடிகாலை துரை ஸ்டோருக்கு வந்தார். வீரய்யா படத்தை நீட்டினார்.

"இதுல கையே இல்லையே," என்று துரை சிரித்தார். "இல்லாத கை எப்படிச் சாட்சி சொல்லும்?"

"சும்மா நின்னிருந்தா இருந்திருக்கும்ங்க தொர," என்றாள் அம்மாக்கண்ணு. "படம் புடிக்கிறப்பக்கூட அந்தக் கைய ஓயவிடல. கை போறதுக்கு ஒம்போது நாளைக்கு முந்தியே பெல்ட்டு கெட்டுப் போயிருந்துச்சு."

"படக்காரன் அழிச்சிருப்பான்."

"அப்பிடின்னா இதே மாதிரி கையில்லாத படத்த ஒங்க ஸ்டோரு சொவத்துல ஏன் மாட்டுனீங்க?"

துரையின் சிரிப்பு நின்றது. "முப்பதாம் தேதி காம்பரா காலியா இருக்கணும். போய் வேலையைப் பாரு."

அப்போது மூன்றாம் ரோலரின் பெல்ட் கிறீச்சிட்டது. கந்தப்பனின் இடத்தில் நின்ற புதிய ஆள் சின்னத்தம்பி குங்கிலியக் கட்டியை எடுத்தான். தேய்க்கச் சொல்லி டீமேக்கர் கண்ஜாடை காட்டினார். கை பெல்ட்டை நோக்கிப் போனது.

ஒவ்வொரு ரோலருக்கும் அருகருகே இரண்டு சக்கரங்கள் உண்டு. ஒன்று இயந்திரத்தை ஓட்டும். மற்றது வெறுமனே சுற்றும். பக்கத்திலுள்ள மரக்கட்டையைத் தள்ளினால் பெல்ட் முதல் சக்கரத்திலிருந்து இரண்டாவதுக்கு நகர்ந்துவிடும். மேலே எல்லாப் பெல்ட்டுகளையும் சுற்றும் இரும்புத் தண்டு ஓடிக்கொண்டிருக்க, அந்த ரோலர் மட்டும் நிற்கும். கொழுந்து தேங்கும் என்பதால் அதைத் தொட யாருக்கும் அனுமதியில்லை.

அம்மாக்கண்ணு கூடையை இறக்கிவிட்டுக் கட்டையைத் தள்ளினாள்.

ரோலர் முனகி நின்றது. யாரைக் கேட்டு நிறுத்தினாய் என்று டீமேக்கர் கத்தினார். அவள் பதில் சொல்வதற்குள் இரண்டாம் ரோலர் நின்றது. பிறகு முதலாவது, பிறகு நான்காவது. பாதி கசங்கிய கொழுந்து தட்டுகளில் சூடேறிக் கிடந்தது. காத்திருந்தால் அது புளித்துப் போகும். அங்கே நின்ற எல்லாருக்கும் அது தெரியும், துரைக்கும் தெரியும். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பொலிசுக்கு போன் செய்யப்போவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

கந்தப்பனுக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. காம்பராவைப் பற்றிய உத்தரவும் மாறவில்லை. கட்டைகளின் பக்கத்தில் நின்றுகொண்டே ஸ்டோரில் வேலை செய்த பதினொரு பேரும் பேசி முடிவெடுத்தார்கள். வீரய்யா அதை உரக்கச் சொன்னார்: பெல்ட் வழுக்கினால் யாரும் கையை நீட்டுவதில்லை, கட்டையைத் தள்ளி மெஷினை நிறுத்துவது, அந்தப் பெல்ட்டுக்குப் புதுத் தோல் மாட்டும்வரை மற்ற மூன்று ரோலர்களும் அதோடு நிற்பது, கந்தப்பன் வீட்டுச் சாமானை வெளியே வைக்க ஆள் வந்தால் நான்கு கட்டைகளையும் ஒரே நேரத்தில் தள்ளுவது.