தலைவரின் வலது தொடை

'ஒரு சமூகத்தின் முதுகெலும்பு நிமிர்ந்து நிற்பது அதன் தலைவர்களின் முதுகெலும்பினால்தான். கடல் பொங்கி வந்தபோதும் வளையாத, முப்பது வருட யுத்தத்திலும் முறியாத அத்தகைய முதுகெலும்பொன்றை இம்மண் பெற்றிருப்பது இறைவனின் அருட்கொடையாகும்.'

திறப்பு விழா அழைப்பிதழ் இப்படித்தான் தொடங்கியது. எழுதியவர் அந்த முதுகெலும்பின் சொந்தக்காரரேதான். எழுதிக்கொண்டிருந்தபோது அவருக்கு வலது தொடையில் உணர்ச்சி இருக்கவில்லை.

அபுல் ஹஸன் ஹாஜியாருக்கு அப்போது ஐம்பத்துநாலு வயது. பதினெட்டு ஏக்கர் வயல், சமாதான நீதவான் பட்டம், அதற்கொரு றப்பர் முத்திரை, மூன்று பொன்னாடைகள், இவற்றோடு கல்முனையில் ஒரு விளையாட்டுக் கழகத்தின் ஆயுட்காலத் தலைவர் பதவியும் இருந்தது. கழகத்தின் பெயர் முன்பு 'பேரலை'. சுனாமிக்குப் பிறகு அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை. பதாகையை இறக்கி 'புத்தொளி' என்று எழுதி ஏற்றினார்கள்.

அந்தக் காலத்தில் வந்த ஒரு வெளிநாட்டு நிறுவனம், கேட்டவர்களுக்குக் கேட்டதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கொடுத்தது. வள்ளம் கேட்ட கழகத்துக்குப் பாரம் தூக்கும் இரும்பு வந்து இறங்கியது. நான்கரை வருடம் அது தலைவரின் நெல் ஸ்டோரில், யூரியா மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்தது. 2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. இனி எல்லாவற்றையும் திறக்க வேண்டும் என்று ஊரில் ஒரு பரபரப்பு. கழகத்துக்குத் திறப்பதற்கு இருந்தது அந்த இரும்பு மட்டும்தான்.

நிருவாகசபைக் கூட்டத்தில் தலைவர் எழுந்தார்.

"ரிபன் வெட்டுற வேலையெல்லாம் வேணாம். அறுபது கிலோவ நானே தூக்கித் திறந்து வைக்கன். இருபது வயசுல தோளுக்கொண்டா ரெண்டு மூட்டை நெல்ல ஏத்திக்கிட்டு வரம்பால நடந்தவன் நான்."

போன வருடம் சொன்னபோது அது ஒரு மூட்டையாக இருந்தது. ஆனால் கூட்டத்தில் யாரும் அதைக் கிளறவில்லை. கழகத்தின் செயலாளரான அஸ்கி உடனே குறித்துக்கொண்டான். கட்டாரில் ஒரு ஜிம்மில் மூன்று வருடம் தரை துடைத்தவன் என்பதால் பயிற்றுநரும் அவன்தான். அடுத்த கிழமை அழைப்பிதழ் ஐந்நூறு அச்சாகிவிட்டது. 'தலைவர் அவர்கள் அறுபது கிலோ பாரத்தைத் தம் கரங்களால் உயர்த்தி நிலையத்தைத் திறந்து வைப்பார்கள்.'

அதற்கு முன்பே, கூட்டத்துக்கு மறுநாள், விடிகாலைச் சுபஹுத் தொழுகை முடிந்ததும் தலைவர் பயிற்சிக்குப் போனார். சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது. மலைபோன்ற ஒரு மனிதன் பாரத்தைத் தலைக்குமேல் பிடித்திருந்தான், இடுப்பில் அகலமான தோல் வார்.

"அது என்னத்துக்குடா?"

"முதுகு புடிக்காம இரிக்கப் போடுற பெல்ட் ஹாஜியார். நம்மளுக்கும் ஒண்டு கொழும்பில இரிந்து எடுக்கணும்."

"கொழும்பில என்னத்துக்கு?" தலைவர் சட்டையைத் தூக்கிக் காட்டினார். சாரனுக்கு மேல் அவர் கட்டியிருந்தது நாலு விரல் அகலமான பச்சை வார். பணம் வைக்க இரண்டு பை, பித்தளைக் கொளுக்கி. அவருடைய வாப்பாவும் அப்படித்தான் கட்டியவர். "இதத்தான் வெள்ளைக்காரன் பாத்துச் செஞ்சிரிக்கான். எங்கட வாப்பாமார் நூறு வருசமாக் கட்டுற சாமான்."

படத்திலுள்ளவனின் வார் இறுக்கமாக இருந்தது. தலைவருடைய வயிறு அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஆணியால் இரண்டு ஓட்டை கூடுதலாகக் குத்தி, மூச்சைப் பிடித்து, அஸ்கி ஒரு பக்கம் இழுக்க, கொளுக்கியை மாட்டினார். அன்று முப்பது கிலோ இடுப்புவரை வந்தது.

"மூச்ச அடக்காதீங்க ஹாஜியார். தூக்கக்குள்ள ஊதி விடுங்க."

"நீ பொறக்கிறதுக்கு முந்தியே நான் மூட்டை தூக்கினவன். ஊதுறதுக்கு நான் என்ன நாதஸ்வரக்காரனா?"

ஐந்தாம் நாள் காலை, தொழுகையில் இருப்பில் அமர்ந்தபோது, வலது தொடையின் வெளிப்பக்கத்தில் யாரோ துணி போர்த்தியதுபோல இருந்தது. தடவிப் பார்த்தார். தடவிய கைக்குத் தொடை தெரிந்தது, தொடைக்குக் கை தெரியவில்லை.

தொழுகையை முடித்துச் சலாம் கொடுத்த பிறகும் அவர் எழும்பவில்லை. ஓதிக்கொண்டிருக்கிறார் என்று பக்கத்திலிருந்தவர்கள் நினைத்தார்கள்.

அவருடைய மூத்த சகோதரர், காக்கா அப்துல் ஸமட்டுக்கும் இப்படித்தான் தொடங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு, "கால் கொஞ்சம் விறைக்கி" என்று சொல்லிவிட்டுப் படுத்தார். பின்னேரம் அஸர் தொழுகைக்கு எழும்பும்போது வாய் கோணியிருந்தது. பாரிசவாதம் என்றார்கள். கடற்கரைப் பக்கத்து வீட்டில் மூன்று வருடம் கட்டிலில் கிடந்தார். கடல் வந்த காலையில் வீட்டிலிருந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவரைத் தூக்க ஆள் போதவில்லை. அபுல் ஹஸன் அன்று சம்மாந்துறைப் பக்கம் வயலில் நின்றார். இதை மட்டும் அவர் எந்த மேடையிலும் சொன்னதில்லை.

பாரம் தூக்கி நரம்பு இழுபட்டுவிட்டது என்று அவருக்குப் பட்டது. நரம்பு இழுபட்டால் இடுப்புக்குக் காவல் போதவில்லை என்று அர்த்தம். எனவே வாரை இன்னொரு ஓட்டை இறுக்கினார். அடுத்த நாள் மரப்பு முழங்கால்வரை இறங்கியது. மற்ற ஓட்டைக்குப் போனார். இரவிலும் கழற்றவில்லை. நித்திரையில் புரண்டால் நரம்பு மொத்தமாக விட்டுவிடும் என்று பயம்.

பிறகு பரிசோதனைகள் தொடங்கின. சட்டை ஊசியால் இடது தொடையில் ஒரு குத்து, வலது தொடையில் ஒரு குத்து. இடது துள்ளியது. வலது பேசாமலிருந்தது. செருப்பு தேய்கிறதா என்று அடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாய் கோணுகிறதா என்று அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று சிரித்தார், உதட்டைக் குவித்தார், தன் பெயரைப் பட்டங்களோடு சேர்த்துச் சொல்லிப் பார்த்தார். 'சமாதான நீதவான்' என்ற இடத்தில் நாக்கு தட்டியதுபோல இருந்தது. திரும்பவும் சொன்னார். திரும்பவும் தட்டியது.

அவருடைய மனைவி றுகையா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சாருங்க, ஆரப் பாத்துச் சிரிச்சிப் பழகுறீங்க?"

"ஒண்டுமில்ல. பல்லுப் பாத்தன்."

"விடியக்கொள்ள எழும்பி எக்ஸசைஸ். வயித்த எக்கி எக்கிப் பெல்ட். இப்ப கண்ணாடிச் சிரிப்பு." அவள் ஒவ்வொரு விரலாக மடக்கினாள். "நான் ஒண்டும் கேக்கல்ல. அவ எந்த ஊரெண்டு மட்டும் செல்லுங்க. நிந்தவூரா, அக்கரைப்பத்தா?"

"அல்லாஹ்வே, உனக்கென்ன விசரா?"

"எனக்கு விசரில்ல. ஐம்பத்துநாலு வயசுல வயித்த உள்ளுக்கு இழுக்கிற ஆம்புளைக்குத்தான் விசர்."

வாதம் வரப்போகிறது என்று சொல்வதைவிட, இரண்டாம் கலியாணம் என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பது தலைவருக்குக் கௌரவமாகப் பட்டது. சட்டையை மாட்டினார்.

கல்முனையில் மருந்தெடுக்கப் போக முடியாது. நம்பர் எடுக்கிற இடத்திலேயே நாலுபேர் சலாம் சொல்வார்கள், நடுப்பகல் லுஹர் தொழுகைக்குள் ஊரெல்லாம் 'தலைவருக்கு வாதமாம்' என்றாகிவிடும். அதனால் பஸ் ஏறிக் காரைதீவுக்குப் போனார். அங்கே வினோஜ் என்று ஒரு தமிழ் டொக்டர், கெட்டிக்காரப் பொடியன் என்று கேள்வி. பதினாலாம் நம்பர் துண்டை உள்ளங்கையில் மடித்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்தார்.

"ஆரிது, ஹாஜியாரோ?"

அவருடைய வயலுக்குப் பக்கத்து வயல்காரர் கந்தப்போடி. பதின்மூன்றாம் நம்பர்.

"ஆருக்குச் சொகமில்ல?"

"ஒருத்தருக்கும் இல்ல. டொக்டருக்கு ஒரு அழைப்பிதழ் குடுக்க வந்தன்."

"அழைப்பிதழ் குடுக்கவோ நம்பர் எடுத்திருக்கீங்க?"

"எதுக்கும் ஒரு ஒழுங்கு முறை எண்டு இரிக்கே போடியார்."

"அதுவும் சரிதான்." கந்தப்போடி தன் துண்டைச் சட்டைப் பைக்குள் வைத்தார். "வரக்குள்ள பாத்தன், கால் இழுக்கிறாப்போல கிடக்கு."

தலைவர் தன் காலைப் பார்த்தார். இழுக்கிறதா? தன் கண்ணுக்குத் தெரியாமல் இழுக்கவும் தொடங்கிவிட்டதா?

"புதுச் செருப்பு," என்றார்.

கந்தப்போடி குனிந்து செருப்பைப் பார்த்தார். பிறகு மரியாதைக்காக வெளியே றோட்டைப் பார்த்தார்.

உள்ளே போனதும் தலைவர் தயார்செய்து வந்ததைத் தொடங்கினார். "டொக்டர், நான் ஒரு சமூகத்தின்ர பொறுப்புள்ள பதவியில இரிக்கிறவன் எண்ட வகையில…"

"எங்க ஐயா நோகுது?"

"நோகல்ல. அதுதான் பிரச்சின. நோகுதே இல்ல."

டொக்டர் சிரிக்கச் சொன்னார். கையிரண்டையும் நீட்டச் சொன்னார். ஊசியால் தொட்டார். வீட்டில் தான் செய்த அதே பரிசோதனைகளை, படித்த ஒருவர் அதே ஒழுங்கில் செய்வதைப் பார்க்கப் பார்க்கத் தலைவருக்கு வியர்த்தது. அப்படியென்றால் அதேதான். காக்காவின் கட்டிலும், அதற்குமேல் தொங்கிய நுளம்பு வலையும் கண்ணுக்கு வந்தன.

"பெல்ட்டக் கழட்டிப்போட்டுப் படுங்க."

கொளுக்கி லேசில் கழலவில்லை. கழன்றபோது இடுப்பைச் சுற்றி ஒரு விரல் ஆழத்துக்குச் சிவந்த வாய்க்கால் ஓடியிருந்தது. டொக்டர் இடுப்பெலும்பின் முன்பக்கத்தில் விரலை வைத்து அழுத்தினார். தொடையில் நெருப்பெறும்புக் கூட்டம் ஓடியதுபோல ஒரு சுரீர்.

"இத எப்ப கழட்டுவீங்க?"

"குளிக்கக்குள்ள."

"படுக்கக்குள்ள?"

தலைவர் சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்தார்.

"ஐயா?"

"ஒரு பாதுகாப்புக்கு…"

டொக்டர் சிரிக்கவில்லை. துண்டில் எதையோ எழுதுவதுபோல நீண்ட நேரம் குனிந்திருந்தார். பிறகு சொன்னார்: "வாதமில்ல. தொடைத் தோலுக்குப் போற ஒரு நரம்பு இந்த இடத்தால வருது. பெல்ட் அத நசிச்சிருக்கு. பெல்ட் வேணாம், பாரமும் இப்ப வேணாம். வயித்தையும் கொஞ்சம் குறையுங்க."

"ஸ்கேன்?"

"தேவையில்ல."

"ஊசி?"

"ஒண்டும் தேவையில்ல ஐயா."

தலைவருக்கு இது திருப்தியாக இல்லை. அவருடைய தகுதிக்கு இந்த நோய் மிகவும் சின்னதாக இருந்தது. "ஒரு குளிசையாவது எழுதுங்க டொக்டர். பஸ்ஸில வந்திரிக்கன்."

டொக்டர் ஒரு விற்றமின் எழுதினார். "ரெண்டு மூணு கிழமையில உணர்வு மெல்ல வரும். வராட்டி ஒருக்கா வாங்க, பாப்பம்."

அவர் சொன்ன எல்லாவற்றிலும் தலைவரோடு பஸ் ஏறியது 'வராட்டி' மட்டும்தான்.

வாரை அலுமாரிக்குள் வைத்தார். விற்றமினைத் தொழுகை தவறாத மாதிரி எடுத்தார். காலையில் ஊசி, மாலையில் ஊசி. ஐந்து நாள் போனது, ஒன்றுமில்லை. பத்து நாள், ஒன்றுமில்லை. பொடியன் டொக்டர்தானே, வாதத்தை எத்தனை பேரில் பார்த்திருப்பான்? நசிந்த நரம்பு என்றால் வாரைக் கழற்றிய அன்றே உயிர் வரவேண்டாமா? குத்திய புள்ளிகள் தொடையில் சின்னம்மை மாதிரிக் கிடந்தன. றுகையா இப்போது ஒன்றும் கேட்பதில்லை. அக்கரைப்பற்றிலிருக்கும் தன் தங்கைக்குப் போன் எடுத்து, ஊரில் யாராவது விதவை புதிதாகச் சிரிக்கிறாளா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

விழா நாள் வந்தது. கழகக் கட்டிடத்துக்கு முன்னால், மாமரத்தோடு சேர்த்துப் பந்தல் போட்டிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் தலைவர் அஸ்கியைக் கூப்பிட்டார்.

"இண்டைக்கு நீ தூக்கு. இளைஞருக்கு இடம் விடுறதுதான் தலைமைத்துவம்."

"ஹாஜியார், அழைப்பிதழ்ல உங்கட பேரெல்லோ கிடக்கு!"

"அழைப்பிதழ்ல காலை ஒம்பது மணி எண்டும்தான் கிடக்கு. இப்ப பத்தரை."

அஸ்கி தூக்கினான். கைதட்டினார்கள். தலைவர் மேடைக் கதிரையில், சாரன் முடிச்சை ஒரு கையால் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வாரில்லாமல் சாரன் கட்டி அவருக்குப் பழக்கமில்லை. மற்றக் கை யாருக்கும் தெரியாமல் வலது தொடையைக் கிள்ளிக்கொண்டிருந்தது. வாரைக் கழற்றிய இருபத்துமூன்றாம் நாள். தொடை பேசவில்லை.

பிறகு, கடலிலும் யுத்தத்திலும் போனவர்களுக்காக இரண்டு நிமிட மௌனம் என்று அஸ்கி அறிவித்தான். எல்லோரும் எழுந்தார்கள். தலைவர் ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் நின்றார். முன்வரிசையில் சில பெண்கள் அப்போதே முந்தானையை வாயில் வைத்துவிட்டார்கள். அவருக்கும் காக்காவின் முகம் வந்தது. கதவுப் பக்கம் திரும்பிக் கிடந்த முகம். அடுத்தது நான்தான், என்னைத் தூக்க எத்தனை பேர் வேண்டும் என்று ஒரு கணக்கு மனதில் ஓடியது. நாலு பேர். இந்த வயிற்றுக்கு ஐந்து.

அப்போது கடித்தது.

முதலில் அவர் நம்பவில்லை. மீண்டும் கடித்தது. மாமரத்து முசுறு எறும்பு, சாரனுக்குள் ஏறி, வெளிப்பக்கத் தொடையில், சதையைக் கவ்வித் திருகியது. எந்தக் கால் என்று குனிந்து பார்த்தார். வலது.

"அல்லாஹு அக்பர்!"

ஒலிவாங்கி அணைத்திருக்கவில்லை. பிரதான வீதியில் போன பஸ்ஸுக்கும் கேட்டது.

"நோகுது! யா அல்லாஹ், நோகுது! எனக்கு நோகுது!"

கண்ணீர் அவருக்குத் தாரையாக ஓடியது. முன்வரிசையில் ஒரு பெண் விம்மினாள், அதைத் தொடர்ந்து பந்தல் முழுவதும் அழுதது. றுகையாவும் அழுதாள்.

கூட்ட அறிக்கையில் அஸ்கி, 'மௌன அஞ்சலியின்போது தலைவர் அவர்கள் இழந்த உறவுகளை நினைந்து கதறினார்கள்' என்று எழுதினான். அடுத்த மாதம் நாலாவது பொன்னாடை அதற்காகவே போர்த்தப்பட்டது.

கழகம் எடுத்த வீடியோவில், தலைவர் சாரனை வலது தொடைக்கு மேல்வரை உயர்த்திப் பிடித்தபடி நாற்பது விநாடி நிற்கிறார்.